பழைய கிராபிக்ஸ் கார்டுகளில் எந்த காயின் ஓட்டலாம்? 8ஜிபி, 6ஜிபி, 4ஜிபி கலந்து இருக்கு (தங்கச்சிமடம்)

தங்கச்சிமடம்_தம்பி:

அண்ணன்மாருக்கு வணக்கம். மூடின ஒரு கேமிங் சென்டர்ல இருந்து மொத்தமா வந்த கார்டுகள் இருக்கு. இதுல மைனிங் ஓட்டலாம்னு பார்க்கிறேன், அதாவது கார்டைக் கணக்குப் போட வச்சு, அதுக்குக் கூலியா கிரிப்டோ காயின் எடுக்கிறது. ஆர்எக்ஸ் 580 8ஜிபி நாலு, ஆர்எக்ஸ் 570 4ஜிபி ரெண்டு, ஜிடிஎக்ஸ் 1060 6ஜிபி ரெண்டு, 1060 3ஜிபி ஒண்ணு. எல்லாமே டிஸ்ப்ளே வருது, கேம் ஓடுது. கூடவே 750 வாட் எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை பெட்டி) ரெண்டு, யுஎஸ்பி கேபிள் ரைசர் (கார்டை போர்டுல இருந்து தள்ளி வைக்கிற நீட்டிப்பு) ஆறு. ரைசருக்கு பவர் கொடுக்க சாட்டா (ஹார்ட் டிஸ்க் பவர் பிளக்) கன்வெர்ட்டர் வயரும் அதோடயே வந்தது.

கேள்வி இதுதான்: எந்தக் கார்டுல எந்த காயின்? வாட்டுமைன்னு மைனிங் லாபம் கணக்கிடும் தளத்துல போட்டுப் பார்த்தா பேரே கேள்விப்படாத சின்னக் காயின்கள் மேல வருது. காஸ்பா நல்லா வரும்னு ஒருத்தர் சொல்றார், ரேவன்னு இன்னொருத்தர் சொல்றார். வீட்டு ஈபி கனெக்‌ஷன்தான், ரெண்டு மாசத்துக்கு 300 யூனிட் பக்கம் ஓடும். வீடு வடகடல் ஓரத்துல, கரையில இருந்து 300 மீட்டர் இருக்கும். விண்டோஸ் 10 போட்டிருக்கேன், லினக்ஸ் வேணும்னா மாத்திக்கலாம்.

கீழக்கரை_காக்கா:

தம்பி, காயின் பேரை ஓரமா வைங்க. முதல்ல பார்க்க வேண்டியது கார்டுல எத்தனை ஜிபி மெமரி. பழைய கார்டுக்கு முக்கால்வாசி பதில் அதுலயே முடிஞ்சிடும்.

எதீரியம் 2022 செப்டம்பர் 15-ல் மைனிங்கை முழுசா நிறுத்தினது தெரிஞ்சிருக்கும். இப்போ மிச்சம் இருக்கிறதில் நம்ம மாதிரி கார்டுக்குப் பொருந்தும் பெரிய பெயர்கள் எதீரியம் கிளாசிக்கும் (சுருக்கமா ஈடிசி) ரேவன்காயினும். ரெண்டுமே ‘டேக்’ என்கிற ஒரு பெரிய தரவுத் தொகுப்பைக் கார்டின் மெமரிக்குள் முழுசா ஏத்திக்கிட்டுத்தான் கணக்குப் போடும். அந்த டேக் நாளாக ஆகப் பெருத்துக்கிட்டே போகும். மெமரிக்குள் அடங்காத நாளில் அந்தக் கார்டுக்கு அந்த காயினோட சங்காத்தம் முடிஞ்சது.

எப்போ முடியும்னு யாரையும் கேட்க வேண்டாம், நீங்களே கணக்குப் போடலாம். ரெண்டு காயினுக்கும் டேக் 1024 எம்பியில் தொடங்கி, ஒரு எபாக்குக்கு 8 எம்பி வீதம் கூடும். பிளாக்குன்னா காயினோட கணக்குப் பேரேட்டில் ஒரு பக்கம், எபாக்குன்னா இத்தனை பிளாக்னு வச்ச ஒரு தவணை. ரேவனில் 7,500 பிளாக்குக்கு ஒரு எபாக். ஈடிசியில் 60,000 பிளாக்குக்கு ஒரு எபாக். பிளாக் எக்ஸ்புளோரரில் (பிளாக்குகளைக் காட்டும் இணையதளம்) இன்றைய பிளாக் எண்ணைப் பார்த்து, மேலே சொன்ன எண்ணால் வகுத்து, 8-ஆல் பெருக்கி, 1024-ஐக் கூட்டினால் இன்றைய டேக் அளவு எம்பியில் வந்துடும்.

உதாரணத்துக்கு ரேவன். 42 லட்சமாவது பிளாக்கில் எபாக் 560. 560 எட்டு 4,480, அதோட 1,024 சேர்த்தா 5,504 எம்பி. 4ஜிபி கார்டு 384-ஆவது எபாக்கில், அதாவது 28.8 லட்சம் பிளாக்கிலேயே விழுந்தாச்சு. 6ஜிபி கார்டுக்கு ஏட்டளவில் எல்லை 48 லட்சம் பிளாக். ஆனா விண்டோஸ் தனக்குன்னு கொஞ்சம் மெமரியைப் பிடிச்சு வைக்கும், மைனர் புரோகிராமுக்கும் கொஞ்சம் வேணும். அதனால உங்க 1060 6ஜிபி அந்த எல்லைக்குப் பல மாசம் முன்னாடியே தடுமாறும். தடுமாறுவது எப்படித் தெரியும்னா, மைனர் தொடங்கி டேக் கட்டும் இடத்தில் ‘அவுட் ஆஃப் மெமரி’ன்னு நிற்கும், இல்லேன்னா டேக் கட்டி முடிச்சு ஹேஷ்ரேட் (நொடிக்கு எத்தனை கணக்குப் போடுது என்கிற வேகம்) பாதிக்குக் கீழே காட்டும்.

ஈடிசியில் கதை வேற. 2020 நவம்பரில் தானோஸ் ஃபோர்க்குன்னு ஒரு விதி மாற்றம் செஞ்சு, எபாக் நீளத்தை 30,000-லிருந்து 60,000 பிளாக்கா ஆக்கினாங்க. டேக் அன்னைக்கே சுருங்கினது, வளரும் வேகமும் பாதியாச்சு. அதே 6ஜிபி கார்டுக்கு அங்க எல்லை 3.84 கோடி பிளாக். பிளாக்குக்கு 13 நொடிச் சொச்சம் ஆகும், 2 கோடியாவது பிளாக்கே 2024 நடுவில்தான் வந்தது. ஆக 1060 6ஜிபிக்கு மெமரி இடிக்கிறதுக்குள்ள கார்டே தேஞ்சு போயிடும். 4ஜிபிக்கு எல்லை 2.3 கோடி பிளாக். உங்க 570 ரெண்டும் இதுலயும் தேறாதுன்னே வச்சுக்கோங்க. லோல்மைனர் என்கிற மைனர் புரோகிராமில் ‘ஜாம்பி மோட்’ இருக்கு, டேக்கின் ஒரு பகுதியை மெமரியில் வைக்காம அப்பப்போ கணக்கிட்டுக்கும். ஓடும், ஆனா எல்லை தாண்டித் தாண்டி ஹேஷ்ரேட் கரைஞ்சுக்கிட்டே போகும், வாட் மட்டும் அப்படியே இருக்கும்.

எர்கோ என்கிற காயினும் இதே ஜாதிதான். அதன் அட்டவணை 51,200 பிளாக்குக்கு ஒருமுறை 5 விழுக்காடு கூடும். 4ஜிபி அங்கயும் வெளியேதான்.

காஸ்பாவை விட்டுடுங்க. அதுக்கு 2023-லேயே ஆசிக் மெஷின் (ஒரே வகைக் கணக்குக்குன்னே செஞ்ச மெஷின்) வந்தாச்சு. ஒரு ஆசிக் செய்யும் வேலைக்கு அறை நிறைய கார்டு வச்சாலும் காணாது. அலஃபியமும் அப்படியே. லைட்காயின், டோஜ், பிட்காயின் எல்லாம் எப்பவோ ஆசிக் கைக்குப் போனவை. மொனேரோ ரேண்டம்எக்ஸ் முறைக்கு 2019 நவம்பர் கடைசியில் மாறினது, அது பிராசசருக்கான வேலை. கார்டில் ஓட்டினால் கரண்ட்தான் செலவு.

இனி வாட்டுமைனில் மேல வரும் சின்னக் காயின்கள். அந்தத் தளம் செய்வது ஒரு பெருக்கல் மட்டும்தான்: ஒரு நாளைக்கு உங்களுக்கு எத்தனை காயின், அதைக் கடைசி விலையால் பெருக்கு. அந்த விலைக்கு வாங்க ஆள் இருக்கானான்னு அதுக்குத் தெரியாது. நீங்க பார்க்க வேண்டியது, அந்த காயின் ஒரு நாளில் மொத்தம் எவ்வளவு புதுசா வெளியாகுது, எக்ஸ்சேஞ்சில் (காயின் வாங்கி விற்கும் சந்தை) ஒரு நாள் வியாபாரம் எவ்வளவு. வெளியாகும் காயினின் மதிப்பு வியாபாரத்துக்குச் சமமா இருந்தாலோ அதைவிட அதிகமா இருந்தாலோ, விற்கப் போற அத்தனை பேரும் மைனிங் ஓட்டுறவங்கதான், வாங்குறவன் கிடையாது. சந்தையில் மீன் குவிஞ்சு வியாபாரி வராத நாள் மாதிரி, போர்டில் எழுதின விலை போர்டோடயே இருக்கும். தளத்தில் 24 மணி நேரச் சராசரியை விட்டுட்டு 7 நாள் சராசரியைத் தேர்ந்தெடுங்க, பாதி மாயம் அதுலயே கலைஞ்சிடும். கரண்ட் விலை கட்டத்தில் அவங்க போட்டு வச்சிருக்கிறது அமெரிக்கக் கணக்கு, யூனிட்டுக்கு 10 சென்ட். அதை மாத்தாம எந்த எண்ணையும் நம்பாதீங்க.

ஈபி_கணக்கு:

காக்கா சொன்ன கடைசி வரியிலிருந்து தொடங்குகிறேன். கார்டு எதுவாக இருந்தாலும் தம்பியின் லாபநட்டம் மீட்டர் பெட்டியில்தான் இருக்கிறது.

ஆர்எக்ஸ் 580-ஐ நன்றாக அண்டர்வோல்ட் செய்தால் (வோல்ட்டேஜைக் குறைத்தால்) சாஃப்ட்வேரில் 90 வாட் காட்டும். அது சிப் மட்டும் இழுப்பது. மெமரி, ஃபேன், எஸ்எம்பிஎஸ் இழப்பு எல்லாம் சேர்ந்தால் சுவர் பிளக்கில் ஒரு கார்டுக்கு 120 முதல் 125 வாட். பிளக்கில் மாட்டும் வாட் மீட்டர் ஒன்று வாங்கி அளந்துவிடுங்கள், அந்த எண் இல்லாமல் செய்யும் கணக்கெல்லாம் வெறும் ஊகம். நாலு கார்டும் போர்டும் சேர்ந்து 560 வாட் என்று வைத்துக்கொண்டால், ஒரு நாளைக்கு 13.4 யூனிட், இரண்டு மாதத்துக்குச் சுமார் 800 யூனிட்.

பலரும் செய்யும் பிழை, இதைச் சராசரி கட்டணத்தால் பெருக்குவது. உங்கள் வீட்டின் 300 யூனிட் ஏற்கெனவே கீழ்ப் படிகளை எடுத்துக்கொண்டது. முதல் 100 யூனிட் இலவசம், அடுத்தவை மலிவு, அந்தச் சலுகை எல்லாம் விளக்குக்கும் ஃபேனுக்கும் போய்விட்டது. ரிக் (கார்டுகள் மாட்டிய மைனிங் மெஷின்) இழுக்கும் யூனிட் அத்தனையும் மேல்படியில் விழும். 2024 ஜூலைக் கட்டணப்படி 500-ஐத் தாண்டினால் யூனிட் 8 ரூபாய்க்கு மேல், 600-ஐத் தாண்டினால் 9-க்கு மேல், 800-ஐத் தாண்டினால் 10-க்கு மேல், 1000-ஐத் தாண்டினால் 11-க்கு மேல். போதாததற்கு மொத்தம் 500-ஐத் தாண்டிய உடனேயே 101 முதல் 200 வரை இருந்த மலிவு விலையும் போய்விடும். 300 யூனிட்டுக்கு எழுநூற்றுச் சொச்சம் கட்டுகிற வீடு, 1,100 யூனிட்டுக்கு 8,000-க்கு மேல் கட்டும். வித்தியாசத்தை 800-ஆல் வகுத்தால் ரிக்கின் உண்மையான விலை யூனிட்டுக்கு 9 ரூபாய்க்கும் சற்று மேல். வாட்டுமைனில் நீங்கள் போட வேண்டிய எண் இதுதான், டாலராக மாற்றி.

அடுத்து வரி. கிரிப்டோ விற்ற வருமானத்துக்கு 2022 ஏப்ரல் முதல் 30 விழுக்காடு, அதன் மேல் 4 விழுக்காடு செஸ், ஆக 31.2. இதில் மைனருக்குக் கழுத்தைப் பிடிப்பது என்னவென்றால், வாங்கிய விலையைத் தவிர வேறு எந்தச் செலவையும் கழிக்க முடியாது. மைனிங் கருவிக்கான செலவு வாங்கிய விலையில் சேராது என்று 2022 மார்ச்சில் நாடாளுமன்றத்திலேயே நிதி அமைச்சகம் சொல்லிவிட்டது. கரண்டுக்கு 100 ரூபாய் செலவழித்து 100 ரூபாய்க்குக் காயின் எடுத்தால் 31 ரூபாய் கைநட்டம். சமன் ஆகவே கரண்ட் செலவைப் போல 1.45 மடங்கு காயின் வர வேண்டும். விற்கும்போது பிடிக்கும் 1 விழுக்காடு டிடிஎஸ் வரிக் கணக்கில் திரும்ப வரவு வைக்கப்படும், அது பெரிய பாரமில்லை.

இப்போது ஈடிசிக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு நாளைக்குச் சுமார் 6,600 பிளாக், பிளாக்குக்கு 2.048 காயின் (2.5 கோடியாவது பிளாக் வரை), ஆக நாளுக்கு ஏறத்தாழ 13,500 காயின். நாலு 580 சேர்ந்து 120 மெகாஹேஷ் (நொடிக்கு 12 கோடி கணக்கு). நெட்வொர்க் (ஈடிசி எடுக்கும் எல்லோரும் சேர்ந்து) 200 டெராஹேஷ், அதாவது 20 கோடி மெகாஹேஷ் என்று ஒரு பேச்சுக்கு வைத்தால் உங்கள் பங்கு நாளுக்கு 0.008 காயின். கரண்ட் நாளுக்கு 123 ரூபாய். வரியும் சேர்த்துச் சமன் ஆக ஒரு ஈடிசி 22,000 ரூபாய்க்குப் போக வேண்டும். 2021 மே மாத உச்சத்தில்கூட அது 180 டாலரைத் தொடவில்லை. நெட்வொர்க் ஹேஷ்ரேட்டை அன்றன்று பார்த்து இதே வாய்ப்பாட்டில் போடுங்கள், முடிவு பெரிதாக மாறாது. ரேவனில் 42 லட்சம் பிளாக்கோடு பிளாக் பரிசு 1,250 காயினாகப் பாதியாகிறது, அதன் காவ்பவ் என்ற கணக்கு முறை கார்டின் கோரையும் (கணக்குப் போடும் சிப்பையும்) சேர்த்துப் பிழிவதால் வாட்டும் 15, 20 கூடும். அங்கும் இதே நிலைதான்.

வீட்டு இணைப்பில் இதைத் தொழிலாக நடத்துவதையும் யோசித்துச் செய்யுங்கள். அனுமதித்த நோக்கத்துக்கு மாறாகப் பயன்படுத்தினால் 2003 மின்சாரச் சட்டம் 126-ஆம் பிரிவில் இரண்டு மடங்கு கட்டணம் போட இடமிருக்கிறது.

ஆகவே என் பதில்: முழுக் காசு கொடுத்து வாங்கும் கரண்டில் இந்தக் கார்டுகளுக்கு எந்தக் காயினும் இல்லை.

தங்கச்சிமடம்_தம்பி:

அண்ணே, தெளிவா சொன்னீங்க. ஒரு விஷயம் விட்டுட்டேன். மாடியில 3 கிலோவாட் சோலார் போட்டாச்சு, நெட் மீட்டரும் மாட்டியாச்சு. யூனிட் மிச்சமாகி அடுத்த பில்லுக்கு ஏறிக்கிட்டே இருக்கு. அதை வச்சு கணக்கு மாறுமா?

ஈபி_கணக்கு:

மாறும், ஆனால் நாலு கார்டுக்கு மாறாது. இதை முதலிலேயே சொல்லியிருக்கலாம் தம்பி!

நம் பக்கத்து வெயிலுக்கு 1 கிலோவாட் நாளுக்கு 4 யூனிட் தரும். 3 கிலோவாட்டுக்கு 12 யூனிட், இரண்டு மாதத்தில் 720. வீட்டுக்கு 300 போக 400 சொச்சம் மிச்சம், அதாவது நாளுக்கு 7 யூனிட். இரண்டு 580-ஐ ஒரே போர்டில் போட்டால் சுவரில் 290 வாட், நாளுக்கு 7 யூனிட். கச்சிதமாகப் பொருந்துகிறது. நெட் மீட்டர் இருப்பதால் பகலில்தான் ஓட்ட வேண்டும் என்பதில்லை, இரவில் இழுப்பதும் பகலில் அனுப்பியதில் கழியும்.

மூன்றாவது கார்டைச் சேர்த்த உடனே மிச்சம் போய், காசு கொடுக்கும் யூனிட் தொடங்கிவிடும். ஐப்பசி, கார்த்திகையில் மழை மூட்டத்தில் சோலார் விளைச்சல் குறையும், அப்போது இரண்டு கார்டையுமே நிறுத்துங்கள். பில் வரும் வரை காத்திருக்காமல் மீட்டரில் ஏற்றுமதி, இறக்குமதி இரண்டு ரீடிங்கையும் பதினைந்து நாளுக்கு ஒருமுறை குறித்துக்கொள்ளுங்கள். ஏசி ஒன்று வாங்கும் எண்ணம் வீட்டில் இருந்தால் அந்த மிச்ச யூனிட்டுக்கு அதுதான் முதல் உரிமைக்காரர்.

உப்பளத்தான்:

கரண்ட் பேச்சு முடிந்ததென்றால் காற்றைப் பற்றிப் பேசலாம். கரையிலிருந்து 300 மீட்டர் என்றால் கார்டைக் கொல்வது சூட்டை விட உப்புதான்.

சாதாரண உப்பு காற்றில் ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டும்போது தானாகவே ஈரம் இழுத்துக் கரைசலாக மாறும். நம் கடலோரத்தில் இரவு நேரத்தில் அந்த எல்லை சாதாரணமாகத் தாண்டும். போர்டில் கண்ணுக்குத் தெரியாமல் படிந்த உப்பு, ரிக் ஓடும் வரை சூட்டில் காய்ந்து கிடக்கும். நிறுத்திய சில மணி நேரத்தில் அதே உப்பு ஈரமாகி, பின்னுக்கும் பின்னுக்கும் நடுவே கரண்ட் கடத்தும். அதனால் ஆபத்தான நேரம் ஓட்டும்போது இல்லை, நாலைந்து நாள் நிறுத்திவைத்து மறுபடி சுவிட்ச் போடும் நொடியில்தான் இருக்கிறது. மழைக்கால நிறுத்தத்துக்குக் கார்டைக் கழற்றி, ஜிப் உறையில் சிலிகா ஜெல் பொட்டலத்தோடு போட்டு மூடி வையுங்கள். ரிக்கை ஸ்டாண்டிலேயே விட்டுத் துணி போர்த்துவது உதவாது, துணி ஈரத்தைப் பிடித்து வைக்கும்.

வந்த கார்டுகளை முதலில் திறந்து பாருங்கள். ஸ்லாட்டில் சொருகும் தங்கப் பல் வரிசையை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடியுங்கள். கறுப்புப் புள்ளி இருந்தால் பென்சில் ரப்பரால் லேசாகத் தேய்த்து, 99 விழுக்காடு ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் துடைக்கலாம். புள்ளியைச் சுற்றிப் பச்சைக் களிம்பு பூத்திருந்தால் தங்கப் பூச்சு போய்ச் செம்பு வெளியே வந்துவிட்டது என்று பொருள், அந்தக் கார்டை இரவு பகலாக ஓட்ட நம்ப வேண்டாம். ஹீட்சிங்க் திருகுகளின் தலை துருப்பிடித்திருந்தால் உள்ளேயும் உப்பு போயிருக்கும். தெர்மல் பேஸ்ட் மாற்றும்போது மெமரி சிப் மேல் இருக்கும் பேடையும் (சூட்டை ஹீட்சிங்குக்குக் கடத்தும் மெத்தை) பாருங்கள், எண்ணெய் கசிந்து நொறுங்கினால் அதே தடிமனில் புதிது போட வேண்டும். தடிமன் கூடினால் ஹீட்சிங்க் சிப்பில் உட்காராது, கோர் சூடு ஏறும்.

அந்த சாட்டா வயர்களை இன்றே தூக்கிப் போடுங்கள். சாட்டா இணைப்பின் 12 வோல்ட் பின்கள் தாங்குவது 4.5 ஆம்பியர், அதாவது 54 வாட். கார்டு ஸ்லாட் வழியாக இழுக்கக்கூடியது 75 வாட் வரை. பின் சூடாகி, பிளாஸ்டிக் உருகி, மஞ்சள் வயரும் கறுப்பு வயரும் ஒட்டிக்கொள்ளும். உப்புப் படிந்த பின்னில் தடை கூடுவதால் அது இன்னும் சீக்கிரம் நடக்கும். ரைசருக்கு எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து நேராக 6 பின் வயர் கொடுங்கள். இரண்டு கார்டுதான் என்றால் ரைசரே வேண்டாம், இரண்டு நீள ஸ்லாட் உள்ள போர்டாக இருந்தால் நேராகச் சொருகிவிடுங்கள். கழன்று போக ஒரு இடம் குறைவு, களிம்பு பூக்க ஒரு இடம் குறைவு.

காற்று வாக்கு முக்கியம். வாடை அடிக்கும் மாதங்களில் வடபக்க ஜன்னலையும், கச்சான் காலத்தில் தென்மேற்கு ஜன்னலையும் மூடி, எதிர்ப்பக்கத்திலிருந்து காற்றை உள்ளே எடுங்கள். உள்ளே வரும் வழியில் ஏசி ஃபில்டர் வலை கட்டி வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரில் அலசிக் காய வையுங்கள். போர் தண்ணீரில் அலசினால் உப்பை நீங்களே கொண்டுவந்து பூசின மாதிரி. எக்ஸ்சாஸ்ட் ஃபேனைப் பெரிதாகப் போட்டால் வீட்டின் எல்லா இடுக்கிலிருந்தும் கடற்காற்றை உறிஞ்சும், ஆகவே உள்ளே தள்ளும் ஃபேன் பெரிதாகவும் வெளியே தள்ளுவது சிறிதாகவும் இருக்கட்டும்.

எர்த் பாருங்கள். நம் மண்ணில் எர்த் நன்றாகக் கிடைக்கும், ஆனால் ஜிஐ பைப் சீக்கிரம் அரித்துப் போகும். மல்டிமீட்டரில் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே 5 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுச் சரி செய்த பிறகு ரிக்கை மாட்டுங்கள்.

கீழக்கரை_காக்கா:

ரெண்டு 580, மிச்ச சோலார் யூனிட்னு முடிவாச்சுன்னா என் தேர்வு ஈடிசி. காரணம் சொல்லிடறேன். 580-ன் பலம் அதன் 256 பிட் மெமரி, பலவீனம் கோர். ஈடிசியின் ஈட்சேஷ் என்கிற கணக்கு முறை மெமரி வேகத்தைத்தான் கேட்கும், கோரைக் குறைச்சு வாட்டை இறக்கினாலும் ஹேஷ்ரேட் விழாது. காவ்பவ்வில் கோரைக் குறைச்சா அதே விகிதத்தில் ஹேஷ்ரேட்டும் குறையும், 12 மெகாஹேஷ் கிடைச்சா பெரிசு. நாளுக்கு 7 யூனிட்தான் என்கிற கட்டுப்பாட்டில் ஈட்சேஷ்தான் நிற்கும். ஈடிசியிலும் ஆசிக் உண்டு, அதை மறைக்கலை. ஆனா விற்கணும்னா என்னைக்கும் ஆள் இருக்கும் காயின் அது.

நாலில் எந்த ரெண்டை எடுப்பதுன்னா, ஜிபியு-இசட் (கார்டு விவரம் காட்டும் புரோகிராம்) திறந்து மெமரி எந்தக் கம்பெனியுடையதுன்னு பாருங்க. சாம்சங் இருந்தா அதுக்கு முதலிடம், அடுத்து ஹைனிக்ஸ், மைக்ரான். விண்டோஸை விட்டு ஹைவ்ஓஎஸ் மாதிரி மைனிங்குக்குன்னே செஞ்ச லினக்ஸுக்கு வாங்க. பயாஸ் (கார்டுக்குள் பதிஞ்சிருக்கும் அடிப்படை புரோகிராம்) எழுதி மெமரி டைமிங் (மெமரி படிக்கும் இடைவெளி) மாத்தும் வேலை இல்லாமலேயே, அதில் இருக்கும் ஏஎம்டி மெமரி ட்வீக் கருவியில் ரெஃப் என்கிற இடத்தில் 30 கொடுத்தா ஹேஷ்ரேட் ஓரளவு கூடும்.

தொடங்க வேண்டிய எண்கள்: கோர் 1150 மெகாஹெர்ட்ஸ், 850 மில்லிவோல்ட், மெமரி 2000. மைனர் புரோகிராமுக்கு டீம்ரெட்மைனர். டைமிங் எதுவும் தொடாம 24, 25 மெகாஹேஷ் வரும், டைமிங் சரியா உட்கார்ந்தா 30. மெமரியை 25, 25-ஆ ஏத்தி, ஒவ்வொரு படியிலும் ரெண்டு மணி நேரம் விடுங்க. திரையில் வரும் ஹேஷ்ரேட்டைப் பார்த்து மயங்க வேண்டாம், பூலில் (பல பேர் சேர்ந்து மைனிங் செஞ்சு பங்கு பிரிக்கும் கூட்டு) ஏத்துக்கிட்ட ஷேர்தான் (நீங்க முடிச்சு அனுப்பும் வேலைத் துண்டு) காசு. இன்வேலிட் ஷேர் ஒண்ணு ரெண்டு தலைகாட்டினாலே மெமரி தப்பாப் படிக்குது, 50 இறக்குங்க. சித்திரை வைகாசி வெயிலில் ஓடின செட்டிங்தான் வருஷம் முழுக்க நிற்கும். மார்கழியில் சரிபார்த்த செட்டிங்கைக் கோடையில் நம்பக்கூடாது. சூடு 70 டிகிரிக்குள்ள இருக்கட்டும்.

பயாஸ் எழுதித்தான் தீருவேன்னா, முதல்ல அசல் பயாஸை ரெண்டு இடத்தில் சேமிச்சுட்டு எழுதுங்க. சில மாடல்களில் கார்டு ஓரத்தில் பயாஸ் மாத்தும் குட்டி சுவிட்ச் இருக்கும், அது இருந்தா ஒரு பக்கத்தைத் தொடாம வைங்க. ஒரே ஜாதிக் கார்டா இருந்தாலும் ஒண்ணோட பயாஸை இன்னொண்ணுல எழுதாதீங்க, மெமரி கம்பெனி மாறினா திரை கறுப்பாகி நிற்கும்.

பூலுக்கு சிங்கப்பூர் சர்வர் உள்ளதா எடுங்க, பிங் (பதில் வரும் நேரம்) 100 மில்லிசெகண்டுக்குள்ள இருந்தா போதும். மைனிங்குக்கு டேட்டா சொற்பம்தான், நெட் வேகத்தை விட அறுந்து போகாம இருப்பது முக்கியம். குறைந்தபட்ச பேஅவுட் (எத்தனை காயின் சேர்ந்தா உங்களுக்கு அனுப்புவாங்க) எவ்வளவுன்னு பூலில் பார்த்துட்டுச் சேருங்க. 60 மெகாஹேஷுக்கு மேலே சொன்ன கணக்கில் ரெண்டு மாசத்துக்கு கால் காயின் பக்கம்தான் வரும். பேஅவுட் 1 காயின்னு வச்சிருக்கும் பூலில் மாட்டினா எட்டு மாசம் உங்க காசு அவங்ககிட்ட கிடக்கும். வாலட் முகவரி உங்களுடையதா இருக்கட்டும், எக்ஸ்சேஞ்ச் முகவரியைப் பூலில் நேரா போடாதீங்க. 2020 ஆகஸ்டில் ஈடிசி மேல 51 விழுக்காடு தாக்குதல் (பாதிக்கு மேல் ஹேஷ்ரேட்டைக் கையில் வச்சு, முடிஞ்ச பரிமாற்றத்தையே மாத்துறது) மூணு முறை நடந்தது. அதனால எக்ஸ்சேஞ்சில் போட்டா நிறைய கன்ஃபர்மேஷன் (மேல சேரும் அடுத்தடுத்த பிளாக்) முடிஞ்சுதான் வரவாகும், அவசரத்துக்கு விற்கிற காசா இதை நினைக்க வேண்டாம்.

மைனர் புரோகிராமை யூடியூப் வீடியோவுக்குக் கீழே இருக்கும் லிங்க்கில் இறக்கவே இறக்காதீங்க. அதை எழுதினவங்க கிட்ஹப் பக்கத்தில் மட்டும் எடுத்து, அங்க போட்டிருக்கும் செக்சம்மோட (கோப்பு மாறலைன்னு காட்டும் எண்) ஒத்துப் பாருங்க. ஆன்டிவைரஸ் நல்ல மைனரையும் கள்ளன்னுதான் சொல்லும், அதனால செக்சம் தவிர நமக்கு வேற சாட்சி கிடையாது.

தங்கச்சிமடம்_தம்பி:

காக்கா, அண்ணே, எல்லாருக்கும் நன்றி. மீதி ரெண்டு 580, ரெண்டு 570, மூணு 1060 என்ன பண்றது? வெர்ட்காயின் சின்ன மெமரியில ஓடும்னு படிச்சேன்.

கீழக்கரை_காக்கா:

ஓடும். வெர்ட்காயினின் வெர்ட்ஹேஷுக்கு 1.2 ஜிபி அளவில் ஒரு கோப்பு போதும், அது வளராது. உங்க 3ஜிபி கார்டுகூடத் தாங்கும். ஆனா வியாபாரம் மெலிசு, கரண்ட் விலை கூடத் தேறாது. எப்படி இயங்குதுன்னு கத்துக்க ஒரு ராத்திரி ஓட்டிப் பார்க்கலாம், அவ்வளவுதான்.

570-ஐயும் 1060-ஐயும் விற்றுடுங்க. கேம் ஆட, வீடியோ எடிட் பண்ணன்னு ராமநாதபுரம், பரமக்குடிப் பக்கம் கல்லூரிப் பசங்க தேடுவாங்க. கேமிங் சென்டர்ல இருந்து வந்தது, இதில் மைனிங் ஓட்டலைன்னு சொல்லி விற்கலாம், அது உண்மையா இருக்கும் வரைக்கும்தான் அந்த விலை. அதனால ‘சும்மா ரெண்டு மாசம் ஓட்டிட்டு விற்கலாம்’னு இறங்காதீங்க. மீதி ரெண்டு 580-ல் ஒண்ணை ஸ்பேரா வைங்க, ஃபேன் போனா மாத்த உதவும். இன்னொண்ணை உங்க பிசியில் போட்டுக்கோங்க. 8ஜிபி இருக்கு, பிளெண்டரின் (3டி படம் செய்யும் புரோகிராம்) பழைய வெர்ஷனுக்கும், வல்கன் (கார்டோட பேசும் மென்பொருள்) வழியா சின்ன ஏஐ மொழி மாடல்களை வீட்டிலேயே ஓட்டிப் பார்க்கவும் தாராளமாப் போதும்.

உப்பளத்தான்:

விற்கும் முன் ஒவ்வொரு கார்டையும் ஃபர்மார்க்கில் (கார்டைச் சோதிக்கும் புரோகிராம்) 20 நிமிடம் ஓட்டி, சூடும் ஃபேன் வேகமும் தெரிகிற மாதிரி படம் எடுத்து வாங்குபவருக்கு அனுப்புங்கள். ஸ்பேராக வைக்கும் 580-ஐ மேலே சொன்ன மாதிரி உறையில் போட்டு, சிலிகா ஜெல் நிறம் மாறியதும் பொட்டலத்தை மாற்றுங்கள். நீலம் வெளிறி ரோஸ் ஆனால் ஈரம் நிறைந்துவிட்டது, அடுப்பு வாணலியில் லேசான சூட்டில் வறுத்தால் மறுபடி நீலமாகும். வறுத்த வாணலியைச் சமையலுக்கு எடுக்க வேண்டாம், அந்த நீல நிறச் சாயத்தில் கோபால்ட் இருக்கும்.